அப்னியா என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கப் பரிசோதனை செய்யும் கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக இரவு வேலை பார்க்கிறேன். தலையிலும் மார்பிலும் ஒயர்களோடு படுத்து எழுந்தவர்கள் காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்கும் சந்தேகங்களில் பாதி, நோயைப் பற்றியவை கூட இல்லை. ரிப்போர்ட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ஒரு சொல்லைப் பற்றியவை. அந்தச் சொல் புரியாததால் சிலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். சிலர் பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

அப்னியான்னா என்னங்க? சுத்தி வளைக்காம தமிழ்ல சொல்லுங்க.

மூச்சு நின்று போவது. அவ்வளவுதான். எந்தக் காரணத்தால் நின்றாலும், விழித்திருக்கும்போது நின்றாலும் தூக்கத்தில் நின்றாலும், மருத்துவர்கள் அதை அப்னியா என்கிறார்கள். சொல்லில் தூக்கம் இல்லை. தூக்கத்தில் நடந்தால் அதைத் தனியாகச் சேர்த்து 'ஸ்லீப் அப்னியா' என்று சொல்ல வேண்டும். பேச்சுவழக்கில் முன்பாதி உதிர்ந்து, 'எனக்கு அப்னியா இருக்கு' என்றாகிவிட்டது.

பரிசோதனைக்கு வருகிறவர்களின் வீட்டம்மாக்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "தூங்கும்போது அவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க." எந்த அகராதியிலும் இதைவிடச் சரியான விளக்கத்தை நான் பார்க்கவில்லை. நிற்பதும் அதில் இருக்கிறது, திரும்ப வருவதும் இருக்கிறது.

பேப்பர்ல 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்'னு போடறாங்களே, அதுதானே இது?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். மூச்சுத்திணறல் என்பது மூச்சு போதவில்லை என்று நமக்கே தெரிவது. மாடிப்படி ஏறும்போது, ஆஸ்துமா வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அது. அதற்கு மருத்துவத்தில் 'டிஸ்ப்னியா' என்று வேறு சொல் இருக்கிறது. தூக்கத்தில் அப்னியா வருகிறவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. "எனக்குத் திணறலெல்லாம் இல்லையே, நல்லாத்தான் தூங்கறேன்" என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. தவறான சொல்லுக்குச் சரியான பதில் சொன்னார்கள்.

நான் ராத்திரி பார்ப்பதைச் சொல்கிறேன். திரையில் மேலே மூக்குக் காற்றின் கோடு. அதன் கீழே மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள். அடியில் விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்சிஜன் எண். மணி 2 இருக்கும். குறட்டை சட்டென்று அடங்குகிறது. காற்றுக் கோடு தட்டையாகிறது. ஆனால் வயிறு மட்டும் எம்பி எம்பி அடங்குகிறது, அடைத்துக்கொண்ட பம்பை விடாமல் அடிப்பது போல. 15 விநாடி, 25, 34. ஒரு 'ஹக்' சத்தத்தோடு தொண்டை திறக்கிறது, கை கால் அசைகிறது, குறட்டை மறுபடி தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் ஆக்சிஜன் எண் 96இலிருந்து 84க்கு இறங்கிக் காட்டும், ஏனென்றால் நுரையீரலில் நடந்தது விரல் நுனிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். காலையில் கேட்டால் அவர், "ஒரு தடவை பாத்ரூம் போக எழுந்தேன், மத்தபடி நல்ல தூக்கம்" என்பார்.

அப்படின்னா சரியான தமிழ்ச் சொல் எது?

மூச்சின்மை, மூச்சு நிறுத்தம், மூச்சுத்தடை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். மூச்சின்மை மூலச் சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. அடுத்த பதிலைப் படித்தால் புரியும். மூச்சுத்தடை எனக்கு உடன்பாடில்லை. தடை இருந்தால்தானே தடை? எந்தத் தடையும் இல்லாமல் மூச்சு நிற்கும் வகையும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

நம் மொழியில் இதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 'மூச்சு நின்றுவிட்டது' என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அதனால் எழுதுகிறவர்களுக்குக் கை வருவதில்லை, திணறல் என்று மெதுவாக எழுதிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் நோய் மாறிவிடுகிறது. நான் எழுதும்போது 'மூச்சு நிறுத்தம்' என்றும், பேசும்போது அந்த வீட்டம்மாக்கள் சொல்வது போல 'நின்னு நின்னு வர்றது' என்றும் சொல்கிறேன். யாரும் பயந்ததில்லை. யாருக்கும் புரியாமலும் போனதில்லை.

இது இங்கிலீஷ் சொல்லா, லத்தீனா?

கிரேக்கம். 'அ' என்றால் இல்லாமை, 'ப்னோயே' என்றால் மூச்சு, இரண்டும் சேர்ந்து 'அப்னோயா'. மூச்சில்லாமை. லத்தீன் வழியாக மருத்துவ நூல்களுக்குள் வந்து, 1719இல் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது.

அந்த 'அ' நமக்குப் புதிதல்ல. அசைவம், அநீதி, அசுத்தம் இவற்றில் முன்னால் நிற்கும் 'அ'வும் கிரேக்க 'அ'வும் உடன்பிறந்தவை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே மொழிக்குடும்பம், அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து வந்தது. உயிரெழுத்துக்கு முன்னால் இரண்டிலுமே அது 'அன்' ஆகிவிடும் என்பதுதான் இன்னும் அழகு. அவசியம் அநாவசியம் ஆகிறதல்லவா? அதே மாதிரி ரத்தத்தைக் குறிக்கும் 'ஹைமா' அனீமியா ஆகிறது, உணர்வைக் குறிக்கும் சொல் அனஸ்தீசியா ஆகிறது. ஆஸ்பத்திரியில் 'அ', 'அன்' என்று தொடங்கும் பெயர் காதில் விழுந்தால், ஏதோ ஒன்று இல்லை என்று சொல்கிறார்களோ என்று யோசித்துப் பாருங்கள். பல சமயம் சரியாக இருக்கும்.

நிமோனியாவுக்கும் இதுக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?

உண்டு, கொஞ்சம் சுற்றுவழிச் சொந்தம். நிமோனியாவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலில் ஒரு 'ப்' இருக்கும், ஆனால் உச்சரிப்பதில்லை. அப்னியாவில் அதே 'ப்'புக்கு முன்னால் 'அ' வந்துவிடுவதால் நாக்குக்கு இடைஞ்சல் இல்லை, நன்றாக ஒலிக்கிறது. நிமோனியா நுரையீரலைக் குறிக்கும் 'ப்நியூமோன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் 'ப்லியூமோன்' தான். காற்றையும் மூச்சையும் குறிக்கும் 'ப்நியூமா' பக்கத்திலேயே இருந்ததால், லகரம் போய் நகரம் வந்து ஒட்டிக்கொண்டது. காற்றழுத்தத்தால் இயங்கும் கருவிகளை நியூமாட்டிக் என்று சொல்வதும் இந்த ப்நியூமாவால்தான்.

நேரடிக் குடும்பம் வேறு. டிஸ்ப்னியா என்றால் மூச்சு கஷ்டப்படுவது, டக்கிப்னியா என்றால் மூச்சு வேகமாவது, ஆர்த்தாப்னியா என்றால் படுத்தால் மூச்சு முட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தால் சரியாவது, ஹைப்பாப்னியா என்றால் மூச்சு குறைவது. இவை எல்லாமே 'ப்னியா'வில் முடிகின்றன. முன்னால் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பிராணாவும் ப்னோவும் ஒரே சொல் தானே? கேட்கவே ஒரே மாதிரி இருக்கே.

யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. பிராண என்பதைப் 'ப்ர' என்றும் 'அன்' என்றும் பிரிக்க வேண்டும். மூச்சு விடுவது அந்த 'அன்' தான், 'ப்ர' முன்னொட்டு. அந்த 'அன்' வேரின் உறவுகள் லத்தீனில் உயிரைக் குறிக்கும் 'அனிமா'வும், கிரேக்கத்தில் காற்றைக் குறிக்கும் 'அனெமோஸ்' என்பதும். 'ப்னோ' வேறு வேர். அது மூச்சுவிடும் ஓசையையே போலச் செய்த சொல் என்கிறார்கள். வாயைக் குவித்து 'ப்னூ' என்று சொல்லிப் பாருங்கள், காற்று தானாக வெளியே வரும்.

ஒரு ரிப்போர்ட்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒரு எழுத்து கூட இருக்கு. வேற வியாதியா?

ஒரே வியாதி. கிரேக்க 'ஓய்' லத்தீனில் 'ஓஇ' என்று எழுதப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் அந்த 'ஓ'வை இன்னும் வைத்திருக்கிறார்கள், அமெரிக்கர்கள் எடுத்துவிட்டார்கள். டயரியாவுக்கும் இதே கதைதான். நம் ஊரில் டாக்டர் ஒரு விதமாகவும், கருவியோடு வந்த மென்பொருள் இன்னொரு விதமாகவும் எழுதுவதால், ஒரே ரிப்போர்ட்டில் இரண்டும் வந்துவிடும்.

கிரேக்கர்களுக்கே சொல் இருந்துச்சுன்னா, இந்த வியாதி அப்பவே தெரியுமா?

சொல் தெரியும், இந்த நோய் தெரியாது. பிளேட்டோவின் வட்டத்தைச் சேர்ந்த ஹெராக்ளிடீஸ், மூச்சில்லாத ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். எம்பெடோக்ளிஸ் என்ற சிசிலி ஞானி, மூச்சும் நாடித்துடிப்பும் இல்லாத ஒரு பெண்ணின் உடலை 30 நாள் கெடாமல் காத்தார் என்பது கதை. அந்த நூல் இப்போது இல்லை. பின்னால் வந்தவர்கள் சொன்ன குறிப்புதான் இருக்கிறது. அவளைக் குறிக்க அவர்கள் சொன்ன 'ஆப்னூஸ்', அதாவது மூச்சற்றவள், அப்னியாவின் உடன்பிறப்பு. அங்கே அந்தச் சொல் சாவுக்கும் உயிருக்கும் நடுவில் நின்றது.

நோய் கண்ணுக்குத் தெரிந்தது மிகவும் பிற்பாடு. 1836, 37இல் டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் கதையில் ஜோ என்ற பருத்த பையன் வருகிறான். நின்ற இடத்தில் தூங்குவான், குறட்டை விடுவான். 1956இல் அமெரிக்காவில் பர்வெல் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது அந்தப் பையனை நினைத்துப் 'பிக்விக்கியன்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய நோயாளி ஒரு நிர்வாகி. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்த நேரத்தில் தூங்கிப் போய் ஆட்டத்தை விட்டவர். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

பகல் தூக்கத்துக்குக் காரணம் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு என்று அவர்கள் நினைத்தார்கள். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பதிவு செய்தவர்கள் பிரான்ஸில் காஸ்டோ குழுவும் ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும். இரண்டு பதிவுகளும் 1965இல் வெளியாயின: மூச்சு நிற்கிறது, மறுபடி வருகிறது, மறுபடி நிற்கிறது. 'ஸ்லீப் அப்னியா சிண்ட்ரோம்' என்ற பெயரை 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கில்லமினோவும் சகாக்களும் நிலைநிறுத்தினார்கள். ஆக, ஆயிரக்கணக்கான வருடம் பழைய சொல் என் வயதுக்காரர்களின் காலத்தில்தான் படுக்கையறைக்கு வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் அதற்கு முன்னாலும் கேட்டிருப்பார்கள்.

10 செகண்ட் நின்னாதான் அப்னியாவாமே? நான் முழிச்சிருக்கும்போது 40 செகண்ட் தம் கட்டுவேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே?

10 விநாடி என்பது பெரியவர்களுக்கான கணக்கு. மேலே சொன்ன 1976 குழு, 7 மணி நேரத் தூக்கத்தில் 10 விநாடிக்குக் குறையாமல் 30 தடவை நின்றால் நோய் என்று வைத்தது. ஓய்வில் ஒருவர் 4, 5 விநாடிக்கு ஒரு மூச்சு விடுகிறார் என்று பார்த்தால், 10 விநாடி என்பது கிட்டத்தட்ட இரண்டு மூச்சு தவறுவது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு விநாடியை எண்ணாமல், இரண்டு மூச்சு தவறியதா என்று பார்ப்போம்.

நீங்கள் தம் கட்டும்போது நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு கட்டுகிறீர்கள். தூக்கத்தில் பெரும்பாலும் மூச்சை வெளியே விட்ட பிறகு அடைத்துக்கொள்கிறது, கையிருப்பு குறைவு. நீங்கள் ஒரு தடவை கட்டுகிறீர்கள். அங்கே அது ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கில் நடக்கிறது. பெரும்பாலான தடவை மூளை ஒரு கணம் விழித்துத்தான் தொண்டையைத் திறக்கிறது. பகலில் வரும் அசதி அந்த விழிப்புகளின் கணக்கு.

ரிப்போர்ட்ல அப்னியா 52, ஹைப்பாப்னியா 140னு இருக்கு. 52தானே, பரவாயில்லைதானே?

இரண்டையும் கூட்ட வேண்டும். ஹைப்பாப்னியா என்றால் மூச்சு முழுக்க நிற்காமல் குறைவது என்று மேலே சொன்னேன். காற்று மூன்றில் ஒரு பங்கு போல, கணக்கில் 30 சதவீதம், 10 விநாடிக்காவது குறைந்து, கூடவே ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அதை எண்ணுவோம். முழுக்க மூடிய குழாயும் பாதி மூடிய குழாயும் உடம்புக்குச் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்.

52உம் 140உம் சேர்ந்து 192. தூங்கியது 6 மணி நேரம் என்றால், மணிக்கு 32. இதைத்தான் ஏ.எச்.ஐ. என்று போடுகிறார்கள். பெரியவர்களுக்கு 5இலிருந்து 15க்குள் லேசானது, 15இலிருந்து 30க்குள் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் தீவிரம். 52ஐ மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டிய ரிப்போர்ட் இல்லை இது. டாக்டரிடம் காட்டுங்கள்.

'சென்ட்ரல்'னு கொஞ்சம் எழுதியிருக்கு. தலையில ஏதாவது பிரச்சனையா?

உடனே அப்படி நினைக்க வேண்டாம். நான் சொன்ன காட்சியில் காற்றுக் கோடு தட்டை, வயிறு மட்டும் போராடியது. அது அடைப்பினால் வருவது, 'அப்ஸ்ட்ரக்டிவ்'. சென்ட்ரல் வகையில் வயிற்றுப் பட்டையின் கோடும் தட்டையாகிவிடும். 'மூச்சு இழு' என்ற கட்டளையே மூளைத்தண்டிலிருந்து வரவில்லை. அங்கே போராட்டம் கிடையாது. ஒயர் கழன்றுவிட்டதோ என்று முதல் வருடத்தில் நான் எழுந்து ஓடியிருக்கிறேன். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் ஆரோக்கியமானவர்களுக்கும் இது ஒன்றிரண்டு வரும். நிறைய வந்தால் இதயத்தைப் பார்ப்பார்கள், சில வலி மருந்துகளைப் பற்றி விசாரிப்பார்கள். மூச்சு ஏறி ஏறி, இறங்கி இறங்கி, நின்று, மறுபடி ஏறுவது ஒரு வகை. 1818இல் செய்னும் 1854இல் ஸ்டோக்ஸும் டப்ளினில் விவரித்தது. இதயம் பலவீனமானவர்களிடம் பார்க்கிறோம். 'மூச்சுத்தடை' வேண்டாம் என்று சொன்னது இவர்களை நினைத்துத்தான்.

பிராணாயாமத்துல கும்பகம் பண்றேன். அதுவும் அப்னியாதானா?

சொல்லின் பொருள்படி ஆம், மூச்சு நிற்கிறதே. ஆனால் அது நாமாக நிறுத்துவது. திருமந்திரத்தில் இழுப்பதற்கு 16, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32 என்று மாத்திரைக் கணக்கே இருக்கிறது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் விளையாட்டுக்கு அப்னியா என்றுதான் பெயர். மன்னார் வளைகுடாவில் தம் பிடித்து முத்தும் சங்கும் குளித்தவர்கள் செய்ததும் இதே வேலை. விழித்திருக்கும் ஆளுக்கு 'போதும்' என்று ஒரு கட்டத்தில் உடம்பு சொல்லும். கும்பகம் பழகினால் தூக்க அப்னியா வரும் என்றோ, போய்விடும் என்றோ நினைத்துச் சிகிச்சையை விடாதீர்கள். இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

குறைமாசத்துல பிறந்த பேரனுக்கு அப்னியாவாம். அவ்வளவு சின்ன வயசுல குறட்டையா?

அங்கே குறட்டைக்கு வேலையில்லை. குறைமாதக் குழந்தைக்கு மூச்சை நடத்தும் மூளைப்பகுதி இன்னும் பழுக்கவில்லை. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, அதற்குக் குறைவாக நின்றாலும் இதயத்துடிப்போ ஆக்சிஜனோ இறங்கினாலோ அப்னியா என்று எழுதுவார்கள். பச்சைக்குழந்தைகள் 5, 10 விநாடி நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவது வேறு, அது சாதாரணம். மருந்தாகக் கொடுப்பது கஃபீன், நம் காபியில் இருக்கும் அதே கஃபீன், அளந்து. பெரும்பாலான குழந்தைகளுக்கு நாள் நிறைய நிறைய இது விலகிப் போகும்.

எங்க மாமா ஐசியூல இருக்கார். 'அப்னியா டெஸ்ட்' பண்ணணும்னு கையெழுத்து கேட்டாங்க. தூக்க டெஸ்ட்டா?

இதை ஒருவர் போனில் கேட்டார். பதில் சொல்லுமுன் நான் உட்கார வேண்டியிருந்தது. இல்லை, அது தூக்கப் பரிசோதனை இல்லை. மூளைச்சாவா என்று உறுதிசெய்யும் சோதனைகளில் ஒன்று. வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் உள்ளே விட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் பாதரச அளவில் 60 மில்லிமீட்டருக்கு ஏறும்வரை நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். மூளைத்தண்டில் உயிர் இருந்தால் அந்த அளவு ஏறும்போது ஒரு மூச்சாவது இழுக்கும். இழுக்கவே இல்லையென்றால் அதுதான் விடை. உறுப்பு மாற்றுக்கான 1994ஆம் வருடச் சட்டத்தின் கீழ் மூளைச்சாவை உறுதிசெய்ய, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்கிறார்கள், டாக்டர்கள் குழுவாகக் கையெழுத்திடுகிறார்கள்.

நம் கூடத்தில் அப்னியா என்றால் நின்ற மூச்சு திரும்ப வரும். அங்கே அது திரும்புகிறதா என்பதையே பார்க்கிறார்கள். அவரிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "மாமா தானா மூச்சு இழுக்கறாரான்னு பாக்கறாங்க, நீங்க டாக்டர் பக்கத்துலயே நின்னு கேளுங்க, எதுக்கு, எவ்வளவு நேரம், அப்புறம் என்னன்னு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க, அத்தைகிட்ட அப்படியே சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.